பென் டிரைவைப் பிடுங்கிய பிறகும்

பழைய லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் செத்துப்போய்ப் பரணில் கிடக்கிற ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி அந்த டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். பப்பி லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் டெஸ்க்டாப் வந்துவிடும். இப்போது அந்தப் பென் டிரைவையும் பிடுங்கிவிடுங்கள். ஒன்றும் ஆகாது. பிரவுசர் திறக்கும். கடிதம் தட்டச்சு செய்யலாம். வைஃபை இணைப்புக் கொடுத்துச் செய்தி படிக்கலாம். உள்ளே டிஸ்க் இல்லை, வெளியே பென் டிரைவும் இல்லை. முழு இயங்குதளம் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது எங்கிருந்து ஓடுகிறது? ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட முடியாது, இரண்டு டீ ஆகும். ஆனால் இதில் புரியாமல் போகக்கூடியது எதுவுமில்லை.

முதலில் ஓர் அடிப்படை. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எந்த நிரலையும் ப்ராசஸர் அங்கிருந்தபடியே இயக்குவதில்லை. வேர்டோ, பிரவுசரோ, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலோ, எதுவானாலும் முதலில் ரேமுக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்துதான் ப்ராசஸர் எடுத்துப் படிக்கும். அந்தக் கணக்கில் எல்லா இயங்குதளங்களும் ரேமிலிருந்தே ஓடுகின்றன. சாதாரண இயங்குதளம் தனக்கு அப்போதைக்கு வேண்டிய பகுதியை மட்டும் ரேமுக்குக் கொண்டுவருகிறது. மீதி டிஸ்க்கில் கிடக்கும். நீங்கள் ஒரு மெனுவைத் தட்டியதும், அதற்கான பகுதியைத் தேடி மறுபடி டிஸ்க்குக்குப் போகும். அந்த நேரம் பார்த்து டிஸ்க் கைவிட்டால் எல்லாம் உறைந்து நின்றுவிடும். மொத்தத்தையும் தொடக்கத்திலேயே ரேமுக்குக் கொண்டுவந்துவிட்டால் திரும்பிப் போகும் வேலையே இல்லை. ரேமில் முழுதாக ஓடும் லைவ் இயங்குதளம் என்பது இவ்வளவுதான்.

கணினி ஆர்வலர்கள் மட்டும் செய்து பார்க்கும் வித்தை என்று இதை ஒதுக்க வேண்டாம். பென் டிரைவிலிருந்து விண்டோஸ் இன்ஸ்டால் செய்த எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள். அந்த வேலையின் தொடக்கத்தில் ‘பூட்.விம்’ என்ற கோப்பு ரேமில் ஏறுகிறது. விண்டோஸ் பிஇ என்ற சிறிய விண்டோஸ் அதற்குள் இருக்கிறது. இன்ஸ்டால் திரை வந்ததும் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கட்டளை தட்டும் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் வழக்கமான சி டிரைவ் இருக்காது. எக்ஸ் டிரைவ் என்று காட்டும். அந்த எக்ஸ் டிரைவ் இருப்பது ரேமில். ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, பகுதி பிரித்து, புதிதாக எழுத வேண்டிய நிரல் அதே டிஸ்க்கிலிருந்து ஓட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. இதையே அன்றாட விண்டோஸாக வைத்துக்கொண்டுவிடக் கூடாது என்று, தொடர்ந்து 72 மணி நேரம் ஓடினால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி மைக்ரோசாஃப்ட் அமைத்திருக்கிறது.

லினக்ஸ் கணினிகளோ பெரும்பாலும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சில நொடிகள் இப்படி ரேமில் மட்டும் ஓடுகின்றன. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், அந்த டிரைவரோ டிஸ்க்குக்குள் இருக்கிறது என்றால் என்ன செய்வது? அதற்காகக் கெர்னலோடு கூடவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டையும் ரேமுக்கு வருகிறது. தேவையான டிரைவர்கள் அதில் இருக்கும். டிஸ்க்கைக் கண்டுபிடித்து, பொறுப்பை அதிலுள்ள பெரிய சிஸ்டத்திடம் ஒப்படைத்துவிட்டு அது விலகிக்கொள்ளும். லைவ் சிஸ்டம் வேறு பாதையில் பிரிவது இந்த ஒப்படைப்பில்தான். டிஸ்க்கைத் தேடுவதற்குப் பதிலாக, பென் டிரைவில் உள்ள பெரிய கோப்பு ஒன்றை ரேமுக்கு நகல் எடுத்து, அதையே முழு சிஸ்டமாகத் திறந்துகொள்கிறது.

நான்கு ஜிபி ரேமுக்குள் முழு இயங்குதளமும் எப்படி அடங்கும் என்ற கேள்விக்கு ஜெர்மனிக்காரர் க்ளவுஸ் க்னாப்பரிடமிருந்து தொடங்குவதுதான் சரி. அவர் 2000இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், ஒரு 700 எம்பி சிடியில் சுமார் 2 ஜிபி அளவு மென்பொருளைக் கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சுருக்கி ஒரே கோப்பாக்கி, தேவைப்படும் துண்டை மட்டும் அவ்வப்போது விரித்துப் படிக்கும் முறை அது. சிடியைப் போட்டால் போதும். எந்தக் கணினியும் லினக்ஸ் கணினியாகிவிடும். பார்வைக் குறைபாடுள்ள தன் மனைவி அட்ரியானேயின் தேவையை மனத்தில் வைத்து, பேசும் டெஸ்க்டாப் ஒன்றையும் பின்னாளில் அவர் அதில் சேர்த்தார். எந்த ஊரில் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் தனக்குப் பழகிய, தன்னோடு பேசுகிற சூழல் கிடைக்கும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! லைவ் சிஸ்டங்களின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

க்னாப்பிக்ஸ் கிளம்பும்போது ‘டூரேம்’ என்று தட்டினால் சிடி முழுவதும் ரேமுக்குப் போய்விடும். அதற்கு 1 ஜிபியாவது ரேம் வேண்டும். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் 128 எம்பியும் 256 எம்பியும்தான் வழக்கம். வசதி தயாராக இருந்தது, ரேம்தான் இல்லை. இன்று பரணில் கிடக்கும் லேப்டாப்பில்கூட 2 அல்லது 4 ஜிபி இருக்கிறது.

க்னாப்பிக்ஸ் அன்று செய்த சுருக்கும் வேலையை இன்று பெரும்பாலும் ஸ்குவாஷ்எஃப்எஸ் செய்கிறது. 2009இல், கெர்னலின் 2.6.29 பதிப்பில், அது லினக்ஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஜிப் கோப்பிலிருந்து இது வேறுபடும் இடம் முக்கியமானது. ஜிப் கோப்பைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் விரித்து வேறோர் இடத்தில் போட வேண்டும். ஸ்குவாஷ்எஃப்எஸ் எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக, வழக்கமாக 128 கேபி அளவில், தனித்தனியாகச் சுருக்கி வைக்கிறது. கால்குலேட்டரைத் திறந்தால் கால்குலேட்டர் இருக்கும் துண்டுகள் மட்டும் விரியும். மற்றவை ரேமில் சுருங்கியபடியே இருக்கும். அதனால் விரித்தால் 1 ஜிபியைத் தாண்டும் சிஸ்டம்கூட ரேமில் 400 எம்பி இடத்தோடு நின்றுவிடுகிறது.

ஆனால் ஸ்குவாஷ்எஃப்எஸ் படிக்க மட்டுமே தரும். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வால்பேப்பரை மாற்றுகிறோம், புதுக் கோப்பு எழுதுகிறோம், மென்பொருள் ஏற்றுகிறோம். இதெல்லாம் எங்கே போகிறது?

அச்சிட்ட பக்கம் ஒன்றின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே அச்சும் தெரியும், மேலே நீங்கள் எழுதியதும் தெரியும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பக்கம். லைவ் சிஸ்டத்தில் கீழ் அடுக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ். மேல் அடுக்கு, ரேமிலேயே ஒதுக்கிய காலி இடம். இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது இன்று பெரும்பாலும் ஓவர்லேஎஃப்எஸ். கீழே உள்ள கோப்பைத் திருத்தப் போனால், முதலில் அதன் நகல் ஒன்று மேலே வரும். திருத்தம் அந்த நகலில் விழும். கீழே இருக்கும் கோப்பை அழித்தால்? அச்சை அழிக்க முடியாதே. அந்த இடத்துக்கு நேராக டிரேசிங் பேப்பரில் வெள்ளை அடித்து மறைப்பதுபோல, ‘இது இல்லை என்று வைத்துக்கொள்’ என்ற குறி ஒன்று மேல் அடுக்கில் வைக்கப்படுகிறது. கணினியை அணைத்ததும் டிரேசிங் பேப்பர் போய்விடும். அடுத்த முறை அச்சிட்ட பக்கம் புதிதாக நிற்கும்.

இந்த அடுக்கு வேலை ஒரே நாளில் சரியாக அமைந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகத்தில் உருவான யூனியன்எஃப்எஸ், பிறகு ஜப்பானின் ஜுன்ஜிரோ ஒகஜிமா எழுதிய ஏயூஎஃப்எஸ் என்று பல வருடங்கள், கெர்னலுக்கு வெளியே இருந்த ஒட்டுவேலைகளை நம்பித்தான் லைவ் சிஸ்டங்கள் ஓடின. ஓவர்லேஎஃப்எஸ் 2014 டிசம்பரில், 3.18 பதிப்பில், கெர்னலுக்குள் வந்த பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது. இன்று கிளவுட் உலகம் முழுக்கப் பேசும் டாக்கர் கன்டெய்னர்களுக்கு அடியிலும் பெரும்பாலும் இதே ஓவர்லேதான் இருக்கிறது.

பப்பி லினக்ஸுக்கு வருகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காலர் 2003இல் தொடங்கியது. பழைய கணினிகளில், ரேமிலேயே, சுறுசுறுப்பாக ஓட வேண்டும் என்பதே அதன் நோக்கம். உபுண்டு 20.04இன் தொகுப்புகளை வைத்து 2020இல் வந்த ஃபோஸாபப் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 400 எம்பி. இன்றைய உபுண்டு ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டிவிட்டது என்பதோடு ஒப்பிட்டால் அந்தச் சிக்கனம் புரியும். அந்த 400 எம்பிக்குள் பிரவுசர், எழுத்துச் செயலி, படம் திருத்தும் மென்பொருள், பாட்டு கேட்கும் மென்பொருள், டிஸ்க் பழுதுபார்க்கும் கருவிகள் எல்லாம் இருக்கின்றன.

பப்பியில் நான் மதிப்பது அதன் அளவைவிட, முதல் முறை அணைக்கும்போது அது கேட்கிற கேள்வியை. ‘இதுவரை செய்த மாற்றங்களைச் சேமிக்கவா, வேண்டாமா?’ சேமி என்றால், மேல் அடுக்கில் இருப்பதை ஒரு கோப்பாகவோ ஃபோல்டராகவோ நீங்கள் காட்டும் இடத்தில் எழுதி வைக்கிறது. பென் டிரைவ், டிஸ்க்கின் ஒரு மூலை, எதுவாகவும் இருக்கலாம். அடுத்த முறை கிளம்பும்போது அதைத் தேடி எடுத்து மேலே விரித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் எதுவும் எங்கும் எழுதப்படாது.

நாம் பழகியிருக்கும் இயங்குதளங்கள் இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்பதில்லை. திறந்த கோப்புகளின் பட்டியல், பிரவுசரின் தற்காலிகக் கோப்புகள், பாதியில் நின்றுபோன அப்டேட், நீக்கிய மென்பொருள் விட்டுப்போன மிச்சம் என்று எல்லாவற்றையும் அவை கேட்காமலே எழுதிக்கொண்டே போகின்றன. மூன்று வருடத்தில் கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் ‘ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். பல சமயம் சரியாகிவிடுகிறது. அந்தக் குப்பை எப்படிச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரேமில் ஓடும் சிஸ்டத்தில் மறதிதான் இயல்பு நிலை. நினைவில் வைக்க வேண்டியதை நாம் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் சரியான வரிசை என்று படுகிறது.

சர்வர்களுக்கான ஆல்பைன் லினக்ஸிலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். அதை டிஸ்க் இல்லாத முறையில் நிறுவினால் ஒவ்வொரு முறையும் ரேமில் புதிதாக எழும். அமைப்புகளை மாற்றிவிட்டு ‘எல்பியு கமிட்’ என்ற கட்டளையைத் தட்டினால்தான் அந்த மாற்றங்கள் ஒரு சிறு கோப்பாகச் சேமிக்கப்படும். தட்டவில்லையா, ரீஸ்டார்ட்டோடு போய்விடும். ஃபயர்வால் அமைப்பில் கைதவறி எதையாவது மாற்றி, உள்ளேயே நுழைய முடியாதபடி மாட்டிக்கொண்டவருக்கு இது பெரிய ஆறுதல். பவரை அணைத்துப் போட்டால் பழைய நல்ல நிலை திரும்ப வந்துவிடும்.

வேகம் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். ரேமில் ஓடினால் பறக்கும் என்று பலரும் சொல்வது பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை முழு உண்மை. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் லேப்டாப் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிசெகண்ட் ஆகிறது. சரியான தடத்துக்குத் தலைமுனை நகர வேண்டும், சரியான இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ரேமில் ஓர் இடத்தைத் தொட ஆவது நூறு நானோசெகண்ட் அளவு. இரண்டுக்கும் இடையே லட்சம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் பத்து வருட லேப்டாப்பில் பப்பி கிளம்பியதும், தட்டிய மாத்திரத்தில் எல்லாம் திறக்கிறது.

புதிய எஸ்எஸ்டி கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. தவிர, சாதாரண லினக்ஸும் விண்டோஸும் ஒருமுறை டிஸ்க்கிலிருந்து படித்ததை மீதமிருக்கும் ரேமில் வைத்துக்கொள்கின்றன. இரண்டாவது முறை பிரவுசரைத் திறந்தால் அங்கேயும் ரேமிலிருந்துதான் வரும். இன்னொரு பக்கம், ரேமுக்கு ஏற்றும் நேரத்தை முதலிலேயே கொடுத்தாக வேண்டும். பழைய யுஎஸ்பி 2 துளையில் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தால் அதிகம். 400 எம்பி பப்பி கால் நிமிடத்துக்குள் ஏறிவிடும். 5 ஜிபி சிஸ்டத்தை ஏற்ற மூன்று நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆக, புதுக் கணினி வைத்திருப்பவர் வேகத்துக்காக இதைத் தேடி வர வேண்டியதில்லை.

தேடி வர வேண்டிய இடங்கள் வேறு. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து குடும்பப் புகைப்படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று வையுங்கள். அந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸைக் கிளப்பினால், கிளம்பும்போதே அது நூற்றுக்கணக்கான கோப்புகளைப் படித்து எழுதி, மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடும். ரேமிலிருந்து ஓடும் சிஸ்டமோ டிஸ்க்கைத் தொடாமல் நிற்கும். பிறகு டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால், நன்றாக இருக்கும் பகுதிகளை முதலிலும் கெட்ட பகுதிகளைக் கடைசியிலும் படித்து வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம். இப்படியான நேரத்தில் பதறி ஃபார்மேட்டுக்கு ஒப்புக்கொண்டு, பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போகுமுன் ஒரு லைவ் பென் டிரைவ் கையில் இருந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பள்ளிக் கணினி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவாகும் க்ளோன்ஸில்லா, ஒரு கணினியின் டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்கு நகல் எடுக்க உதவும். அதன் தொடக்கத் திரையிலேயே ரேமுக்கு ஏற்றும் தேர்வு இருக்கிறது. ஏறி முடிந்ததும் பென் டிரைவை உருவிக்கொண்டு அடுத்த கணினிக்குப் போகலாம். ஒரே பென் டிரைவை வைத்து அறை முழுவதையும் கிளப்பிவிடலாம்.

பெரிய நிறுவனங்களின் சர்வர் அறைகளிலும் இது பழகிய விஷயம். ஒரே இயந்திரத்தில் பல கணினிகளை ஓட்ட உதவும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ கிளம்பியதும் ரேமில் ஏறிக்கொண்டு அங்கிருந்தே ஓடுகிறது. சின்ன எஸ்டி கார்டில் அதை நிறுவி வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. ஸ்வீடனின் முல்வாட் விபிஎன் நிறுவனம் 2023இல் தன் விபிஎன் சர்வர்கள் அனைத்தையும் ரேமில் மட்டும் ஓடும்படி மாற்றிவிட்டதாக அறிவித்தது. சர்வரை யாராவது கழற்றிக்கொண்டு போனாலும், மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகு அதில் படிக்க எதுவும் இருக்காது.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்ற இந்த அமைப்பை ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966இல் யோசித்தார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மொத்தத்தையும் படித்து மறுபடி எழுத வேண்டும். கணினி ஓடும் நேரமெல்லாம் இது ஓயாமல் நடக்கிறது. மின்சாரம் நின்றால் புதுப்பிப்பும் நின்று, எழுதியது மங்கி மறையும்.

அணைத்த நொடியிலேயே மறைந்துவிடும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். 2008இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அப்படி இல்லை என்று காட்டினார்கள். சாதாரண அறை வெப்பத்திலேயே சில நொடிகள் தாங்கியது. தூசி ஊதும் ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேமைச் சுமார் மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர வைத்தபோது பல நிமிடங்கள் தாங்கியது. அதற்குள் கழற்றி வேறு கணினியில் செருகி, உள்ளே இருந்த என்கிரிப்ஷன் சாவிகளை எடுத்துவிட்டார்கள். தடயம் விடாமல் இயங்கவென்றே உருவான டெயில்ஸ் என்ற லைவ் இயங்குதளம் அணையும்போது ரேமைத் துடைத்துவிட்டுப் போவது இத்தகைய ஆபத்தை மனத்தில் வைத்துத்தான். அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தியபோது, அந்தச் செய்திகளை எழுதிய லாரா பாய்ட்ரஸும் க்ளென் க்ரீன்வால்டும் பயன்படுத்தியது டெயில்ஸைத்தான். அது முழுவதையும் ரேமுக்கு ஏற்றாது. யுஎஸ்பியிலிருந்து படித்துக்கொண்டே ஓடும், மாற்றங்களை மட்டும் ரேமில் வைக்கும். அதனால் அதில் யுஎஸ்பியைப் பிடுங்கினால் பப்பியைப் போல ஓடிக்கொண்டிருக்காது. உடனடியாக அணைந்துவிடும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ஆபத்து நெருங்கும்போது ஒரே இழுப்பில் எல்லாம் முடிய வேண்டும்.

நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து எளிமையானது. கணினியில் ஏற்கெனவே லினக்ஸ் இருந்து, டிஸ்க்கில் ஸ்வாப் பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தால், பப்பி உட்படப் பல லைவ் சிஸ்டங்கள் அதைக் கண்டதும் பயன்படுத்தத் தொடங்கிவிடும். ரேம் நிறையும்போது ஓரம் தள்ளப்படும் பக்கங்கள் அந்த டிஸ்க்கில் எழுதப்படும். ரேமில் மட்டும் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் நீங்கள் தட்டிய ஏதோ ஒன்று அங்கே தங்கிவிடலாம். பப்பியில் இன்னொன்றும் உண்டு. பயனர் ரூட் எனும் முழு அதிகாரத்தோடுதான் உள்ளே இருக்கிறார். கீழ் அடுக்கு கெட்டுப்போகாது என்பதால் அதன் அன்பர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு உறுத்துகிறது. சிஸ்டம் கெடாது, சரி. கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து அதிலுள்ள கோப்புகளை அழிக்கும் அதிகாரம் அந்த ரூட்டுக்கு உண்டு. ஆன்லைன் வங்கி வேலைக்காகப் பப்பியைக் கிளப்புவதாக இருந்தால் அந்த டிஸ்க்கைத் திறக்காமலே வேலையை முடித்து அணைத்துவிடுங்கள்.

செராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அண்ணே, எங்க ஏரியாவுல கரண்டு போயிட்டுப் போயிட்டு வரும். பாதி வேலையில போனா என்ன பண்றது?” என்று கேட்டார். போனால் போனதுதான். பப்பியில் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகச் சேமிக்கும் ஏற்பாடும், டெஸ்க்டாப்பிலேயே சேமிக்கும் பட்டனும் இருக்கின்றன. இருந்தாலும் கடை வேலைக்கு நான் சொன்ன வழி வேறு. சிஸ்டம் ரேமில் இருக்கட்டும், வாடிக்கையாளர் கோப்புகளை நேரடியாக இன்னொரு பென் டிரைவிலோ டிஸ்க்கிலோ எழுதுங்கள். சிஸ்டம் மறக்கட்டும், கோப்பு தங்கட்டும். ஊரார் பென் டிரைவ்கள் எல்லாம் வந்து செருகப்படும் கடையில், ஒவ்வொரு காலையும் சுத்தமான சிஸ்டம் எழுவது சின்ன லாபமில்லை.

கடைசியாக ரேம் கணக்கு. 4 ஜிபி இருக்கிறது என்றால், கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பப்பியின் சுருக்கிய கோப்புகள் 400 எம்பி. மேல் அடுக்கும் அதே ரேமில்தான் வளர்கிறது. அங்கே 700 எம்பி சினிமா ஒன்றை இறக்கினால் அவ்வளவு ரேமும் போச்சு. பிரவுசரில் நாலைந்து தாவல்கள் திறந்தாலே 1 ஜிபியைத் தாண்டிவிடும். தாங்க முடியாத கட்டம் வந்தால், அதிக ரேம் தின்னும் நிரலைக் கெர்னலே நிறுத்திவிடும். பெரும்பாலும் அது உங்கள் பிரவுசராகத்தான் இருக்கும். அதனால் 4 ஜிபியில் பப்பி வசதியாக ஓடும். 2 ஜிபியில் எழுத்து வேலை, படிப்பு வேலைக்குப் போதும். வீடியோவுக்கு முரண்டு பிடிக்கும். அதற்கும் கீழே என்றால் டைனி கோர் இருக்கிறது, டெஸ்க்டாப்போடு சேர்த்து 25 எம்பிக்குள் அடங்குவது. ஆனால் வேண்டியதை ஒவ்வொன்றாக நீங்களே சேர்க்க வேண்டும். 8 ஜிபியும் அதற்கு மேலும் இருப்பவர்கள் டெபியன் லைவையே டூரேம் தேர்வோடு கிளப்பலாம்.

முயன்று பார்க்கும்போது முதல் சில நாட்கள் பப்பி கேட்கும் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள். எதை வேண்டுமானாலும் கலைத்துப் பாருங்கள், உடைத்துப் பாருங்கள். அணைத்து எழுப்பினால் சரியாகிவிடும் என்ற தைரியம் வர வேண்டும். பிறகு ஒருநாள், தமிழ் எழுத்துருவைப் போட்டு, விசைப்பலகையைப் பழகிய விதத்தில் அமைத்து, வைஃபை கடவுச்சொல்லையும் கொடுத்து, வேறு எதையும் தொடாமல் அணையுங்கள். அன்றைக்குக் கேட்கும்போது ‘சேமி’ என்று சொல்லுங்கள்.